பட்டியலில் நாங்கள் இல்லை

மொரப்பூருக்குப் புது வேதம் ரயிலில் வந்தது. முழுப் புத்தகம் அல்ல. பழைய வேதத்தை நடப்புத் தமிழில் திருத்திக்கொண்டிருந்த ஒரு குழு, மெட்ராஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிய டைப் அடித்த தாள்கள். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த எங்கள் சபை மூப்பர்தான் அவற்றை வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னிடம் கொடுப்பார். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்திருந்த நேரம் அது. தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தும், பாதிப் பேர் விலாசத்தில் சேலம் ஜில்லா என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது அங்கே டீச்சர். முப்பதைத் தாண்டியிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்காக என்னைத் தவிர மற்ற எல்லாரும் வருத்தப்பட்டார்கள்.

அந்தத் தாள்களைச் சபையாருக்கு வாசித்துக் காட்டும் வேலையைப் போதகர் என் தலையில் கட்டினார். அதற்கு ஒரு முறை உண்டு. வாசிக்கிறவர் விளக்கம் சொல்லக் கூடாது. ஒரு பகுதியை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கேட்டவர்களில் ஒருவர், தனக்கு விளங்கியதைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை அப்படியே ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு டீச்சரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று மெட்ராஸில் யாருக்கும் தெரியவில்லை.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தணியும் முன்பே எல்லாரும் கோயிலுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். ரயில்வே குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள், சுற்று வட்டாரத்துக் காட்டு வேலைக்காரர்கள் சில குடும்பங்கள். யாராவது ஒருவர் மடியில் அவித்த நிலக்கடலை கட்டிக்கொண்டு வருவார். பாயில் உட்கார்ந்து தோலை உரித்துக்கொண்டே வேதத்துக்கு அர்த்தம் சொல்வார்கள். ஜோலார்பேட்டை பக்கமிருந்து வரும் வண்டி கடக்கும்போது நான் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். அந்த இடைவெளியில் இரண்டு கடலை எனக்கும் கிடைக்கும்.

கடலையை உரித்து என் பக்கம் தள்ளுகிறவள் ஊர் நர்ஸம்மா. அரசாங்க வேலை. மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவள். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள், சமாதானம் ஆனால் தமிழுக்குத் திரும்புவாள். நாங்கள் இருவரும் ரயிலடித் தெருவில் ஒரே ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் தர்மபுரியில் துணிக்கடை வைத்திருந்த பாய். பொம்பளைப் பிள்ளைகள் என்றால் வீடு சுத்தமாக இருக்கும் என்று நம்பிக் கொடுத்தார். அவள் சுத்தமாக வைத்திருந்தாள். நான் புத்தகத்தை இறைத்து வைத்திருந்தேன்.

நான் அவளை நேசித்தேன். அவளும் என்னை நேசித்தாள். அதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சம் இல்லை. அப்போது எங்களிடம் அதற்குப் பெயர் இல்லை, ஊரிடமும் இல்லை. 'நர்ஸம்மாவும் டீச்சரம்மாவும்' என்று உப்பும் புளியும் மாதிரி ஒரே மூச்சில் சொல்வார்கள். அவ்வளவுதான். பிரசவத்துக்குப் போய்விட்டு அவள் விடிந்து வரும்போது வெந்நீர் போட்டு வைத்திருப்பேன். பரீட்சைத் தாள் திருத்தும்போது என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பாள். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு பெரிய வீடுகளில் இருந்திருக்கிறேன், அந்தச் சந்தோஷம் வேறு.

ஒரு தடவை வந்த தாளில், பின்னால் ராஜாவாகப் போகிறவன் போரில் செத்துப்போன தன் தோழனை நினைத்துப் புலம்பும் இடம் இருந்தது. பெண்கள் வைக்கும் பிரியத்தைவிட அவன் வைத்த பிரியம் பெரிது என்று அழுவான். பழைய வேதம் அங்கே சிநேகம் என்று சொல்லும். அந்தப் பழைய வேதத் தமிழில் கடவுள் மனிதன்மேல் வைப்பதற்கும் அதே சொல்தான். எங்கள் ஊரிலோ, 'அவனுக்கு அந்த வூட்டுல சிநேகம்' என்றால் அது சுவரேறிக் குதிக்கிற சமாசாரம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதை முதலில் வாசித்தேன். பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். புதுத் தாளில் அதை நட்பு என்று மாற்றியிருந்தார்கள். வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவுமில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நர்ஸம்மா செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"நட்பாம் நட்பு. நட்புக்கு எவனாச்சும் அப்படி அழுவானா புள்ள? நீ எழுதி அனுப்பு, பழசே இருக்கட்டும்னு."

"நான் என் கருத்தை எழுதக் கூடாது. சனங்க சொன்னதைத்தான் எழுதணும்."

"நான் சனம் இல்லியா?" என்றாள். எழுதி அனுப்பினேன்.

இப்படி வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பட்டியல் வந்தது. தேவனுடைய ராஜ்யத்துக்குள் வர முடியாதவர்கள் என்று அப்போஸ்தலர் ஒரு கடிதத்தில் அடுக்குவார். திருடர், குடிகாரர் என்று போகும் வரிசையில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும். நாங்கள் வளர்ந்த பழைய வேதத்தில், முதல் சொல் ஒருவன் தனியாக இருந்து தனக்குத்தானே செய்துகொள்ளும் காரியத்தைக் குறித்தது. இரண்டாவது, ஆணோடு சேரும் ஆணைக் குறித்தது. ஓய்வுநாள் பள்ளியில் அந்த இடம் வந்தால் எல்லா டீச்சர்களுக்கும் இருமல் வந்துவிடும். நான் இளவயதில் அந்தப் பட்டியலைப் பயந்து பயந்து எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதில் பெண் இல்லை. வேறொரு கடிதத்தில் பெண்களைப் பற்றி ஒரு வரி உண்டு. அது சுற்றி வளைத்துச் சொல்லியிருந்ததால், எனக்கல்ல, ரோமாபுரிக்காரிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். மனுஷி நிம்மதியாகத் தூங்க வேண்டாமா?

புதுத் தாளில் இரண்டு சொல்லையும் சேர்த்து ஒன்றாக்கியிருந்தார்கள். ஓரினச் சேர்க்கையாளர். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் வாய்விட்டு வாசித்ததில்லை. அதில் ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: முதல் சொல்லைத் தனியாகப் பெண்தன்மையுள்ளவர் என்று போட்டால் விளங்குமா, கேட்டுச் சொல்லவும்.

வாசித்தேன். கடலைச் சத்தம் நின்றது. திருப்பிச் சொல்ல ஒரு விவசாயி எழுந்தார்.

"ஓரினம்னா ஒரே சாதிசனம். தன் சாதிக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறவனுக்குப் பரலோகம் கெடையாதுங்கறாரு. நாயந்தானுங்க. ஆனா அப்படிப் பார்த்தா இந்தக் கோயில்ல யாருங்க மிஞ்சுவாங்க?"

போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்கம் சொல்லக் கூடாது என்பதால் நான் எழுதிக்கொண்டேன். பென்சில் குறிப்பையும் வாசித்தேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் மெல்ல எழுந்து போதகரைப் பார்த்து நின்றார். ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டியவர்.

"ஐயரே, அது என்னைய சொல்றதுங்களா? நான் வேஷத்தை வுட்டு ரொம்ப நாளாச்சுங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போதகர் விதியை மீறி, "உங்களை இல்லீங்க, உக்காருங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வரும் வழியை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்து நான் தாளை மடித்தேன். மூப்பர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் போதகர் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். போனால் மூப்பரும் இருந்தார். மடியில் ஓர் ஆங்கில வேதம். பெங்களூரில் வேலையிலிருந்த அவருடைய மகன் வாங்கி வந்தது.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா" என்றார் மூப்பர். "இந்தப் புது இங்கிலீசுலயும் அதே மாதிரிதான் போட்டிருக்குது. போன வாரம் வரைக்கும் எனக்கு அப்படி ஒரு நெனப்பே வந்ததில்லீங்க. இப்ப வந்துடுச்சு. நீங்களும் நர்ஸம்மாவும் ஒரு வூட்டுல இருக்கறதைப் பத்தி யாராச்சும் கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"இதுவரைக்கும் யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப கேக்கறது நீங்கதான்."

அவர் மடியிலிருந்த வேதத்தை மூடினார். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய பேரப்பிள்ளைகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்ததே நர்ஸம்மாவின் கைதான். அது தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

போதகர் வேதசாஸ்திரம் படித்தவர். கிரேக்கம் பாதி மறந்திருந்தாலும் அன்றைக்கு நினைவிருந்த வரைக்கும் சொன்னார். "முதல் சொல்லுக்கு மூலத்துல மெத்துனு இருக்கறதுன்னுதான் அர்த்தம். அரமனையில மெல்லிசு துணி போடறவங்கன்னு சுவிசேஷத்துல வருதே, அந்தத் துணிக்கும் இதே சொல்தான். மனுசனுக்குச் சொல்றப்ப ஒரு காலத்துல சுகவாசின்னாங்க, கோழைன்னாங்க. அப்புறம் பொம்பளை மாதிரி இருக்கறவன்னாங்க. நம்ம பழைய தமிழ்ல அது வேற பாவமாயிடுச்சு. இப்ப இதுவாகுது. ரெண்டாவது சொல் இன்னும் சிக்கல். அந்த நாள்ல அடிமைப் பசங்களை விலைக்கு வாங்கிக் கெடுத்தாங்க, அதைப் பார்த்துதான் எழுதினாருன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேரு ஒரு வூட்டுல கஞ்சி குடிச்சிக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறதுக்கு அவர் காலத்துல என்ன சொல் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இருந்தாலும்" என்றார். "மூப்பர் மனசு கலங்கி இருக்குது. வர்ற திருவிருந்துக்கு மட்டும் நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா வாங்க. மேலிடத்துல கேட்டு முடிவு பண்ணிக்கலாம்."

இது வெளியூர்க்காரர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் சபையில் ஆராதனை நேரத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தாலும், திருவிருந்தில் அப்பம் வாங்கப் பீடத்தண்டை போகும்போது வீடு வீடாகத்தான் போவோம். ஒரு வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் சேர்ந்து எழுந்து, சேர்ந்து முழங்காலிட வேண்டும். நாங்கள் இருவரும் ஒரு வீடு. யாரும் தீர்மானம் போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து எழுந்தோம், அப்படியே நிலைத்துவிட்டது. எங்களுக்கு இருந்த ஒரே அங்கீகாரம் அது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நர்ஸம்மா ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கன்னடத்துக்குப் போவாள் என்று காத்திருந்தேன். போகவில்லை.

"போன வாரம் வரைக்கும் நான் அந்தப் பட்டியல்ல இல்ல" என்றாள். "ரயில்ல ஒரு தாள் வந்துச்சு. இப்ப இருக்கறேனா?"

"ஒரு தடவைக்குத்தான்னு சொல்றாரு."

"தனியாவே போறேன். அவர் பேச்சை மீற மாட்டேன். ஆனா அப்புறம் மாறுதல் கேட்டு மாரண்டஹள்ளிப் பக்கமே போயிடறேன் புள்ள. இன்னைக்குப் பந்தியில பிரிக்கறவங்க நாளைக்கு அடுப்பைப் பிரிப்பாங்க. அதுவரைக்கும் உக்காந்து பார்த்துக்கிட்டிருக்க என்னால ஆகாது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எடுத்த முடிவிலிருந்து அவள் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க இருவரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டோம். காப்பி வேணுமா, வேண்டாம். குடை எடுத்தாச்சா, எடுத்தாச்சு. என் கண்ணாடியை நானே துடைத்தேன்.

சனிக்கிழமை ஆயத்த ஆராதனை. திருவிருந்துக்கு முந்தின நாள், சண்டை சச்சரவு உள்ளவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வதற்காக வைப்பது. அன்றைக்கு மூப்பர்தான் பேசினார். வீட்டுக்குள் மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு பந்திக்கு வருகிறவன் சாபத்தைச் சாப்பிடுகிறான், அவனை வர விடுகிற சபைக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்று வழக்கமாகச் சொல்வதை வழக்கம் போலவே சொன்னார். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பந்திக்கு நேரம் வந்தது. வீட்டில் தனியாக இருக்கும் விதவைகள் முதலில் எழுவார்கள். நர்ஸம்மா அவர்களோடு எழுந்து போனாள். நான் பள்ளிக்கூடப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தே இருந்தேன். அவள் முழங்காலிடும்போது பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக விட்டிருந்தாள். பழக்க தோஷம்.

பெண்கள் பக்கம் சலசலப்பு வந்தது. மூப்பரின் மனைவி எழுந்தார். கட்டையான மனுஷி, கனத்த குரல். நேராக முன்னால் போனார்.

"நர்ஸம்மா, டீச்சரம்மா எங்க?"

"நான் தனியா வந்தேனுங்க" என்றாள் அவள்.

"தனியாவா? என்னா, வூட்டுல சண்டையா?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையையும் அங்கே சொல்ல முடியாது. சும்மா இருந்தாள். எங்கள் ஊரில் பதில் வராவிட்டால் ஆமாம் என்றுதான் கணக்கு.

"அதான பார்த்தேன். வாரம் பூரா ரெண்டு பேரு மூஞ்சியும் சரியில்ல" என்றார் அந்த அம்மாள். திரும்பி என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, எந்திரிச்சு வாங்க."

போதகர் அப்பத் தட்டோடு நின்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து மூப்பர் தொண்டையைக் கனைத்தார்.

"அது ஒண்ணுமில்ல. நீ வந்து உக்காரு."

"நீங்க சும்மா இருங்க. மனஸ்தாபத்தோட வர வுட்டா சபைக்கும் பாவம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

மூப்பர் வாயைத் திறந்தார். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் புதுச் சொல்லைச் சபை நடுவில், திருவிருந்து நேரத்தில், தன் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும். அதற்கு அர்த்தமும் சொல்ல வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து போனேன். கால் தரையில் படவில்லை என்றுதான் ஞாபகம். அந்த அம்மாள் என் வலது கையை வெடுக்கென்று பிடித்தார். மற்றக் கையால் நர்ஸம்மாவின் இடது கையை எடுத்தார்.

"யாரு மேல தப்புன்னு நான் கேக்கல. எந்த வூட்டுலதான் இல்ல?" என்றார். எல்லார் முன்னாலும், பீடத்துக்கு நேராக, என் கையை அவள் கையில் வைத்து அழுத்தினார். "இனிமே ஒருத்தரை வுட்டு ஒருத்தர் வராதீங்க."

விதவைகள் வரிசையிலிருந்து யாரோ ஆமென் என்றார்கள். அது தொற்றிக்கொண்டு ஆண்கள் பக்கமும் போனது. மூப்பர் சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை.

காலியாக இருந்த இடத்தில் முழங்காலிட்டேன். அந்த அம்மாள் தன் கையை எடுத்துக்கொண்டார். நர்ஸம்மா எடுக்கவில்லை. ஊசி போடும்போது பிள்ளைகளின் கையைப் பிடிப்பாளே, அப்படிப் பிடித்திருந்தாள். மாரண்டஹள்ளி மாறுதல் அத்தோடு முடிந்துபோனது என்று எனக்கு அந்தப் பிடியிலேயே தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு விக்கல் வந்தது.

போதகர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்கள் சபையில் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டித்தான் அப்பம் வாங்குவோம். அவள் வலது கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அடுத்தது நான். என்னிடம் மிச்சமிருந்தது இடது கை. வலது கையை உருவப் பார்த்தேன், விடவில்லை. இடது கையில் ஒரு வெற்றிலைகூட வாங்காத ஊர் அது. வேறு வழியில்லாமல் அதைத்தான் நீட்டினேன். போதகர் நின்றார். என் கையைப் பார்த்தார், கீழே கோத்திருந்த எங்கள் மற்றக் கைகளையும் பார்த்தார். பிறகு சொல்ல வேண்டிய வாசகத்தைத் தடுமாறாமல் சொல்லி, அப்பத்தை என் இடது உள்ளங்கையில் வைத்தார்.